தொடை இடுக்கில் அரிப்பா? களிம்பு பூசும் முன் இதைப் படியுங்கள்

உள்தொடையிலும் தொடை இடுக்கிலும் வரும் அரிப்புக்கு ஒரே காரணம் கிடையாது, அதனால் ஒரே மருந்தும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் வெட்கத்தில் யாரிடமும் காட்டாமல் மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஏதாவது களிம்பு கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, நான்கு நாள் பூசி, அரிப்பு அடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதம் அது முன்பைவிடப் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்ததும் அதே களிம்பையே மறுபடி வாங்குகிறார்கள். இப்படியே வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சரியாக அடையாளம் கண்டு, சரியான மருந்தைத் தேவையான காலம் வரை பூசியிருந்தால் அவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தீர்ந்திருக்கும்.

இந்த இடம் ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறது என்றால், தோலும் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க உரசும் இடம் இது. காற்று போகாது, வியர்வை காயாது, வெப்பமும் ஈரமும் எப்போதும் இருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும், உரிந்த இடத்தில் கிருமி எளிதில் நுழையும். இன்னொன்றும் உண்டு. இங்கே தோல் மெல்லியது, மடிப்புக்குள் மூடியே இருப்பது, அதனால் கையிலோ முதுகிலோ பூசுவதைவிட இங்கே பூசும் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். நல்ல மருந்தும் அப்படித்தான், கெடுதல் செய்யும் மருந்தும் அப்படித்தான். இது ஞாபகத்தில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

முதலில் நன்றாகப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அல்லது கைப்பேசியில் படம் எடுத்து, அந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள். அரிக்கிறது என்பது மட்டும் எதையும் சொல்லாது. தடிப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது, ஓரம் தெளிவாகத் தெரிகிறதா அல்லது கலைந்து போகிறதா, மடிப்பின் ஆழத்தில் இருக்கிறதா அல்லது தொடை உரசும் மேட்டில் இருக்கிறதா, சிறு சிறு புள்ளிகள் உண்டா, முடிக்கால்களைச் சுற்றி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் நோய்ப் படங்களில் எல்லாம் இளஞ்சிவப்பாகத்தான் காட்டுவார்கள். நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு பழுப்பாகவோ, ஊதா கலந்த கறுப்பாகவோ, சாம்பல் பூத்த மாதிரியோதான் தெரியும். சிவப்பு இல்லை, அதனால் தொற்று இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

பிறகு மற்ற இடங்களையும் பாருங்கள்: கால் விரல் இடுக்கு, கால் நகம், அக்குள், மார்புக்கு அடியில், கை விரல்களுக்கு நடுவில். தொடையில் இருக்கும் நோயின் விடை பல நேரம் பாதத்தில்தான் கிடைக்கும். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்று கேளுங்கள். சோப்பு, சலவைத் தூள், உள்ளாடை, முடி நீக்கும் களிம்பு என்று சமீபத்தில் எதையாவது மாற்றினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

படர்தாமரை

இந்த இடத்து அரிப்பில் அதிகம் பார்க்கப்படுவது இதுதான். இது ஒரு பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை இது. தடிப்பு வட்டமாகவோ அரைவட்டமாகவோ தொடை இடுக்கிலிருந்து கீழே தொடையை நோக்கியும் பின்னால் பிட்டத்தை நோக்கியும் படரும். ஓரம் சற்று மேடிட்டு, செதில் செதிலாக, சில நேரம் சின்னப் பருக்களோடு இருக்கும். நடுப்பகுதி ஆறினது போல வெளுத்தோ பழுப்பாகவோ தெரியும். எல்லை கோடு போட்ட மாதிரி இருப்பதுதான் இதன் முக்கிய அடையாளம். ஆண்களுக்கு வந்தால் பெரும்பாலும் விதைப்பையைத் தொடாமல் விட்டுவிடும், இதையும் கவனித்துப் பாருங்கள்.

பலருக்கு இந்தப் பூஞ்சை பாதத்திலிருந்துதான் மேலே ஏறுகிறது. கால் விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரித்துக்கொண்டிருக்கும், அதை ஒரு நோயாகவே கருத மாட்டார்கள். உள்ளாடை போடும்போது துணி பாதத்தை உரசிக்கொண்டு மேலே வரும், அல்லது பாதம் துடைத்த துண்டாலேயே தொடையையும் துடைப்பார்கள். எனவே தொடைக்கு மட்டும் மருந்து போட்டுப் பாதத்தை விட்டுவிட்டால் இது திரும்பத் திரும்ப வரும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். பாதம் ஆறும் வரை உள்ளாடைக்கு முன்னால் காலுறையை மாட்டிக்கொள்ளுங்கள். கேட்க விநோதமாக இருக்கலாம், ஆனால் தோல் மருத்துவர்களே சொல்லும் வழி இது.

மருந்து என்னவென்றால், பூஞ்சையைக் கொல்லும் மருந்து மட்டும் உள்ள களிம்பு. குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றால் தினமும் இரண்டு வேளை, இரண்டிலிருந்து நான்கு வாரம். டெர்பினாஃபின் 1 சதவீதம் என்றால் தினமும் ஒன்று அல்லது இரண்டு வேளை, ஒன்றிலிருந்து இரண்டு வாரம். மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல் போன்றவையும் உண்டு. பெயரைவிடப் பூசும் விதம் முக்கியம். இடத்தைக் கழுவி, முழுக்க உலர விட்டு, மெல்லிய அடுக்காகப் பூசுங்கள். தடிப்பின் ஓரத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் வெளியே வரை பூசுங்கள், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஏற்கெனவே பரவியிருக்கும். வெளியிலிருந்து தொடங்கி உள்ளே பூசினால் நல்லது. பூசியபின் கையைக் கழுவுங்கள்.

அப்புறம் எல்லாரும் தவறும் இடம்: அரிப்பு மூன்று நான்கு நாளில் குறையும், தடிப்பு ஒரு வாரத்தில் மங்கும், உடனே களிம்பை மறந்துவிடுவார்கள். அரிப்பு நின்றதும் பூஞ்சை செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. தோல் பார்வைக்குச் சரியான பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து பூசுங்கள்.

இன்னொரு விஷயமும் இப்போது தெரிந்திருக்க வேண்டும். டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சை வகை சில வருடங்களாகத் தெற்காசியாவிலிருந்து உலகின் பல பகுதிகளுக்கும் பரவியிருக்கிறது. 2020-இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். இது இடுக்கோடு நிற்காமல் இடுப்பு, பிட்டம், வயிறு என்று அகலமாகப் பரவும், வழக்கமான களிம்புக்கு மசியாது. சரியான களிம்பை ஒழுங்காகப் பூசியும் இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றாலோ, தடிப்பு பல இடங்களில் இருந்தாலோ நீங்களாக வேறு வேறு களிம்பு மாற்றிக்கொண்டே இருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். இட்ராகோனசோல் மாதிரி மாத்திரைகள் பல வாரம் தேவைப்படலாம். அவை கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, இதய மருந்து, கொழுப்பைக் குறைக்கும் மருந்து உட்படப் பல மருந்துகளோடு மோதக்கூடியவை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து வாங்கி விழுங்கும் மருந்து இல்லை அது.

கலவைக் களிம்பு வேண்டவே வேண்டாம்

இதற்கு மட்டும் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம்தான் சாதாரணப் படர்தாமரையைத் தீராத வியாதியாக மாற்றுகிறது. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த களிம்புகள் விற்கப்படுகின்றன. பூசிய அன்றே அரிப்பு அடங்கும். அதைச் செய்வது ஸ்டீராய்டு. அது பூஞ்சையைக் கொல்வதில்லை, பூஞ்சையை எதிர்த்துப் போராடும் உங்கள் தோலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. எதிர்ப்பு அடங்கியதும் சிவப்பும் அரிப்பும் மறைகின்றன, பூஞ்சை தடையில்லாமல் வளர்கிறது. நிறுத்தியதும் எல்லாம் சேர்த்துத் திரும்பி வரும். மறுபடி பூசினால் மறுபடி அடங்கும். சில மாதத்தில் தடிப்பின் வடிவமே மாறிப்போய், வட்டத்துக்குள் வட்டமாக, ஓரம் கலைந்து, மருத்துவரே ஒரு பார்வையில் சொல்ல முடியாத அளவுக்கு உருமாறிவிடும்.

அதோடு, முன்னால் சொன்னபடி இங்கே மருந்து அதிகமாக உள்ளே இறங்குவதால், தோல் மெலிந்து, பளபளத்து, ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பித்து, தொடையின் உட்புறம் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். மெலிந்த தோல் ஓரளவு தேறலாம், கோடுகள் போகாது. இளம் வயதுப் பிள்ளைகளின் தொடையில் இந்தக் கோடுகள் விழுவது தேவையே இல்லாத வேதனை.

எனவே எந்தக் குழாயை வாங்கினாலும் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன், டெக்சாமெத்தசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மருத்துவர் நேரில் பார்த்து எழுதிக்கொடுக்காமல் அது தொடை இடுக்குக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நிறுத்திய சில நாளில் அரிப்பும் எரிச்சலும் பலமாகக் கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்துபோய் மறுபடி அதே குழாயை எடுக்கத் தோன்றும். அந்த நேரத்தில் மருத்துவரிடம் போங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இப்படி வருகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

உராய்வும் வியர்வையும்

எல்லாமே பூஞ்சை இல்லை. நீண்ட தூரம் நடந்தபின், ஓடியபின், சைக்கிள் ஓட்டியபின் இரண்டு தொடையும் உரசும் மேட்டில் எரிச்சலும் அரிப்பும் வந்தால் அது வெறும் உராய்வுப் புண். தெளிவான ஓரம் இருக்காது, செதில் இருக்காது, தொட்டால் எரியும், இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே இடத்தில் இருக்கும். இதற்குப் பூஞ்சைக் களிம்பு தேவையில்லை. குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ தடவிவிட்டு, இரண்டு மூன்று நாள் உரசலைக் குறைத்தால் தானாக ஆறும். அடுத்த முறை நடக்கப் போகும் முன்பே ஜெல்லியைத் தடவிக்கொள்ளுங்கள், அல்லது தொடையை மூடும் நீளமான, தையல் உறுத்தாத உள்ளாடை போடுங்கள்.

மடிப்பின் ஆழத்திலேயே தோல் ஊறிச் சிவந்து, கசிந்து, சில நேரம் நாற்றத்தோடு இருந்தால் அது ஈரத்தால் வந்த மடிப்புப் புண். உடல் பருமன் உள்ளவர்களுக்கும், படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும், சிறுநீர் கசிவு உள்ளவர்களுக்கும் இது வரும். இங்கே முதல் வேலை உலர வைப்பதுதான். மடிப்புக்குள் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை வைத்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். பவுடரைக் கொட்டாதீர்கள்; ஈரமான மடிப்பில் பவுடர் கட்டிகட்டியாகி மேலும் உரசும்.

பொடிப்பொடியாக முள் குத்துவது போன்ற புள்ளிகள் என்றால் வேர்க்குரு. குளிர்ச்சியான இடம், தளர்வான உடை, அடிக்கடி கழுவுதல், இவை போதும். பிசுபிசுப்பான களிம்பு பூசினால் வியர்வைத் துளை இன்னும் அடைத்துக்கொள்ளும்.

கேண்டிடா, எரித்ராஸ்மா

கேண்டிடாவும் பூஞ்சைதான், ஆனால் வேறு வகை. மடிப்பின் ஆழத்தில் பளபளப்பாகச் சிவந்து, ஈரமாக, எரிச்சல் தூக்கலாக இருக்கும். முக்கியமாக, பெரிய தடிப்பைச் சுற்றிச் சற்றுத் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளோ சீழ்ப் புள்ளிகளோ இருக்கும். விதைப்பையையும் விடாது. பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் பிறப்புறுப்பு அரிப்பும் சேர்ந்தே இருக்கலாம், அப்படியானால் அதற்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. குளோட்ரிமசோல் இதற்கும் வேலை செய்யும். டெர்பினாஃபின் களிம்பு கேண்டிடாவுக்கு அவ்வளவு நல்ல தேர்வு இல்லை. எதுவென்று சந்தேகமாக இருந்தால் குளோட்ரிமசோலில் தொடங்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இது அடிக்கடி வருகிறது என்றால் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். நீரிழிவு இருப்பதே இப்படித்தான் சிலருக்குத் தெரியவருகிறது. ஏற்கெனவே நீரிழிவுக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால் பிறப்புறுப்புப் பகுதியில் கேண்டிடா வர வாய்ப்பு அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் இது வரலாம்.

எரித்ராஸ்மா என்பது பாக்டீரியாவால் வருவது. பழுப்பு நிறத்தில், மெல்லிய சுருக்கத்தோடு, பெரிதாக அரிக்காமல் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். படர்தாமரை என்று நினைத்து மருந்து போட்டுச் சலித்துப்போவார்கள். மருத்துவர் புறஊதா விளக்கை அடித்துப் பார்த்தால் பவளச் சிவப்பில் ஒளிரும், நொடியில் தெரிந்துவிடும். எரித்ரோமைசின், கிளிண்டாமைசின், ஃப்யூசிடிக் அமிலம் போன்ற பாக்டீரியா மருந்தில் போய்விடும்.

ஒவ்வாமை, சவரம்

புது உள்ளாடையின் சாயம், இடுப்பு ரப்பர், சலவைத் தூள், துணி மென்மையாக்கும் திரவம், வாசனைச் சோப்பு, ஈரத் துடைப்பான், மாதவிடாய் நாப்கின் என்று எதுவும் தோலைச் சீண்டலாம். பொருள் பட்ட இடத்தில் மட்டும், அது பட்ட வடிவத்திலேயே தடிப்பு வரும், கடுமையானால் கசியும். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் நீரில் கலந்து ஊற்றிக்கொள்வதும், காரமும் புளிப்பும் உள்ளதை அரைத்துப் பூசுவதும் இந்த வகைப் புண்ணைத் தாமாக வரவழைத்துக்கொள்வது. இந்த இடத்துத் தோல் அதைத் தாங்காது, வெந்துபோகும். சந்தேகப்படும் பொருளை இரண்டு வாரம் முழுக்க நிறுத்துங்கள். தொற்று இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டைச் சில நாள், ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் பூசலாம். உறுதி இல்லை என்றால் வேண்டாம்.

சவரம் செய்த இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு முடிக்காலிலும் ஒரு சின்னப் பரு வந்து அரித்தால் அது முடிக்கால் அழற்சி. கொஞ்ச நாள் சவரத்தை விட்டுவிடுங்கள், வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றடம் கொடுங்கள். முடியை நீக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, கத்தரித்து வைத்தாலே சுத்தம்தான்.

ராத்திரியில் தூங்கவிடாமல் அரித்தால்

இரவில் படுத்தபிறகு அரிப்பு தாங்க முடியாமல் ஏறுகிறது, வீட்டில் இன்னும் ஒருவருக்காவது அரிக்கிறது, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் சிரங்கு என்று சந்தேகப்படுங்கள். ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிக்கும் முடிச்சுகள் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இது. முதல் முறை வருகிறவர்களுக்குப் பூச்சி ஏறி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் அரிப்பே தொடங்கும், அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கும். எனவே அரிக்காதவர்களும் சேர்ந்து, எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்துக்கு அடியிலும் தொப்புளிலும் எல்லா இடுக்கிலும் விடாமல் பூசி, எட்டிலிருந்து பதினான்கு மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அதே மாதிரி செய்ய வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் பயனே இல்லை. கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கடைசி மூன்று நாளில் பயன்படுத்திய துணி, போர்வை, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள், துவைக்க முடியாததைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசிக்கொண்டிருக்காதீர்கள்.

மருத்துவர் மட்டுமே பார்க்க வேண்டியவை

மடிப்பில் வரும் சோரியாசிஸ் செதில் இல்லாமல் வழவழப்பாகச் சிவந்திருக்கும், பூஞ்சை மருந்துக்கு அசையாது. திரும்பத் திரும்ப வலியோடு கட்டி வந்து உடைந்து தழும்பாகி அக்குளிலும் அதே மாதிரி வருகிறது என்றால் அது ஹைட்ராடெனிட்டிஸ் என்ற நாள்பட்ட நோயாக இருக்கலாம், அது சுத்தக் குறைவால் வருவதே இல்லை, யாரும் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் எரிச்சலோடு வந்தால் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். பெண்களுக்குப் பிறப்புறுப்பை ஒட்டித் தோல் வெளுத்து மெலிந்து அரித்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். காய்ச்சல், சீழ், வேகமாகப் பரவும் சிவப்பு, தாங்க முடியாத வலி இருந்தால் அன்றே போக வேண்டும், நீரிழிவு உள்ளவர்கள் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. தோலில் எதுவுமே தெரியாமல் உடம்பு முழுக்க அரிக்கிறது, கூடவே கண் மஞ்சளாகிறது அல்லது காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் அது தோலின் பிரச்சினையாகவே இல்லாமல் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை.

எந்தக் காரணமாக இருந்தாலும் செய்ய வேண்டியவை

குளித்ததும் தொடை இடுக்கை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், ஒரு நிமிடம் காற்றாட விட்டுவிட்டு உடை போடுங்கள். பாதத்தைக் கடைசியாகத் துடையுங்கள், முடிந்தால் பாதத்துக்குத் தனித் துண்டு. உள்ளாடை தளர்வான பருத்தியாக இருக்கட்டும், வியர்த்து நனைந்தால் உடனே மாற்றுங்கள், உடற்பயிற்சி செய்த உடையோடு மணிக்கணக்கில் உட்காராதீர்கள். துண்டையும் உள்ளாடையையும் யாரோடும் பகிராதீர்கள். பூஞ்சை இருக்கும் வரை உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு மூன்றையும் மற்றவர் துணியோடு சேர்க்காமல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரிய நல்ல வெயிலில் முழுக்கக் காய வைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையைப் போடுவது, பூசிய மருந்தில் பாதியை வீணாக்குவதற்குச் சமம்.

சோப்பை அதிகம் போட்டால் சுத்தம் என்று நினைத்து ஒரு நாளைக்கு நான்கு முறை தேய்க்காதீர்கள், வாசனை இல்லாத மென்மையான சோப்பு ஒரு முறை போதும், மற்ற நேரம் வெறும் தண்ணீர். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள். அரிப்பு பொறுக்க முடியாத நேரத்தில் குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைத்தால் அடங்கும். செட்ரிசின் மாதிரி ஒவ்வாமை மாத்திரை இரவுத் தூக்கத்துக்குக் கொஞ்சம் உதவலாம், ஆனால் அது கிருமியைத் தொடவே தொடாது, சிலருக்குத் தூக்கக் கலக்கம் வரும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம். சொறிவதை நிறுத்துவது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் சொறிந்தால் தோல் தடித்து, வரி வரியாகி, அந்தத் தடித்த தோலே அரிக்க ஆரம்பித்துவிடும். முதலில் வந்த நோய் போன பிறகும் அரிப்பு மட்டும் நிற்காது.

நோய் ஆறிய பின் அந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நிறையப் பேர் இதைப் பார்த்து நோய் இன்னும் இருக்கிறது என்று மருந்தைத் தொடர்கிறார்கள், அல்லது வெளுப்பாக்கும் களிம்பை வாங்குகிறார்கள், அவற்றிலும் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இல்லை, செதில் இல்லை, ஓரம் மேடிடவில்லை என்றால் அது வெறும் நிறம், தானாக மெல்ல மங்கும். அரிப்பே இல்லாமல் தொடை இடுக்கும் கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்துவருகிறது என்றால் மட்டும் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

இதுவரை பூசிய எல்லாக் குழாய்களையும், காலியானதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள், "ஏதோ ஒரு களிம்பு" என்று சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும். அரிப்பு கூடுதலாக இருந்த நாளில் எடுத்த படத்தையும் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும், கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் போவதற்குச் சில நாள் முன்பிருந்து எதுவும் பூசாதீர்கள், ஏனென்றால் அவர் தடிப்பின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, அந்தச் செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். களிம்பு பூசியிருந்தால் பூஞ்சை இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். வலிக்காத, சில நிமிடத்தில் முடியும் பரிசோதனை இது. பார்த்ததும் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டார் என்றால், முக்கியமாக ஏற்கெனவே ஒரு முறை சிகிச்சை எடுத்தும் திரும்பி வந்திருந்தால், "சுரண்டிப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் உங்கள் பாலினத்து மருத்துவரைக் கேட்டுப் போகலாம், உடன் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் உடையை விலக்கிக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லி மருந்து வாங்கி வராதீர்கள். எத்தனை நாள் பூச வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பாதி நாளில் அரிப்பு நின்றாலும் அந்தத் தேதி வரை மருந்தைத் தொடருங்கள்.